நெட்வொர்க் பாதுகாப்புத் துறைக்கு எதைப் படிப்பது: பிளஸ் 2 தொடங்கி முதல் வேலை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீய மென்பொருள்) தாக்குதலில் முடங்கின. நோயாளிகளின் பதிவு, பரிசோதனை முடிவு, கட்டணம் என அனைத்தையும் ஊழியர்கள் பல நாட்கள் கையால் எழுதிச் சமாளித்தார்கள். நெட்வொர்க் முறையாகப் பிரிக்கப்படாததால்தான் சர்வர்கள் தாக்குதலுக்கு உள்ளாயின என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் பதில் அளித்தது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 2019-ல், கூடங்குளம் அணுமின் நிலையத்தில் நிர்வாகப் பணிக்கான, இணையத்தோடு இணைந்த நெட்வொர்க்கில் இருந்த ஒரு கணினிக்குள் மால்வேர் (தீய மென்பொருள்) புகுந்திருந்தது. அணு உலையின் கட்டுப்பாட்டு நெட்வொர்க் அதிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டிருந்ததால் அங்கே பாதிப்பு இல்லை என்று இந்திய அணுமின் கழகம் அந்த ஆண்டு அக்டோபர் 30-ஆம் தேதி அறிவித்தது.

இரண்டு நிகழ்வுகளிலும் பேசுபொருளானது, நெட்வொர்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருந்தது என்பதுதான். இது எந்த ஹேக்கிங் வகுப்பிலும் முதல் நாளில் கற்றுத் தரப்படுவதில்லை. நெட்வொர்க் பாடத்தின் நடுப்பகுதியில், பெரும்பாலான மாணவர்கள் தேர்வுக்காக மட்டும் படித்துவிட்டுக் கடந்துபோகும் இடத்தில் இருக்கிறது. ஆகவே இந்தத் துறைக்கு எதைப் படிப்பது என்று கேட்பவர்களுக்கு என் பதில், முதலில் நெட்வொர்க்கைப் படியுங்கள், பாதுகாப்பை அதன் மேல் கட்டுங்கள் என்பதே. கீழே உள்ள படிகள் அனைத்தும் இந்த வரிசையை ஒட்டியே அமைந்துள்ளன.

முதல் படி: எந்த வேலை என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்

சைபர் செக்யூரிட்டி என்ற ஒரே பெயருக்குள் பல வேலைகள் அடங்கியிருக்கின்றன. நிறுவனத்தின் ஃபயர்வால் (போக்குவரத்தை விதிப்படி அனுமதிக்கும் அல்லது தடுக்கும் அரண்), விபிஎன் (இணையத்தின் வழியே பாதுகாப்பான இணைப்பு), ஸ்விட்ச் (கணினிகளை இணைக்கும் கருவி) ஆகியவற்றை அமைத்துப் பராமரிப்பவர் நெட்வொர்க் பாதுகாப்புப் பொறியாளர். பாதுகாப்புக் கண்காணிப்பு மையத்தில், அதாவது துறையினர் சாக் என்று சொல்லும் இடத்தில், திரையில் வரும் எச்சரிக்கைகளைப் பார்த்து எது உண்மையான தாக்குதல், எது வெறும் இரைச்சல் என்று பிரித்துச் சொல்பவர் அனலிஸ்ட். அனுமதி பெற்று ஒரு நிறுவனத்தின் அமைப்பை உடைத்துப் பார்த்து ஓட்டைகளை எழுதித் தருபவர் பென்டெஸ்டர். இவர்களைத் தவிர, தணிக்கை மற்றும் விதிமுறைப் பணியில் இருப்பவர்களும், சம்பவம் நடந்த பிறகு தடயங்களை ஆராய்பவர்களும் உண்டு.

இளைஞர்களில் பெரும்பாலோர் பென்டெஸ்டர் ஆகும் ஆசையோடுதான் வருகிறார்கள். ஆனால் புதியவர்களுக்கு அதிகமாகத் திறந்திருக்கும் கதவுகள் சாக் அனலிஸ்ட் பணியும், நெட்வொர்க் கண்காணிப்புப் பணியும்தான். இரண்டிலும் இரவு ஷிப்ட் உண்டு. குடும்பச் சூழலோ உடல்நிலையோ இரவுப் பணிக்கு இடம் தராது என்றால் அதை இப்போதே கணக்கில் எடுத்துக்கொள்வது நல்லது.

இரண்டாம் படி: பள்ளியும் பட்டமும்

பொறியியலுக்குச் செல்ல விரும்புபவர்களுக்கு பிளஸ் 2-வில் கணிதம், இயற்பியல், வேதியியல் தேவை. கணிதம் இல்லாத பிரிவில் படித்தவர்கள் கதவு மூடிவிட்டது என்று நினைக்க வேண்டியதில்லை. கல்லூரியின் சேர்க்கை விதியைப் பார்த்துக்கொண்டு பி.சி.ஏ. போன்ற பட்டங்கள் வழியாகவும் இந்தத் துறைக்கு வரலாம். பத்தாம் வகுப்புக்குப் பிறகு மூன்றாண்டு பாலிடெக்னிக் டிப்ளமா முடித்து, நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கையில் பி.இ. படிப்பது இன்னொரு வழி. இந்த வழியில் வருபவர்களுக்குக் கருவிகளைக் கையால் தொட்டுப் பழகிய அனுபவம் முன்கூட்டியே கிடைத்துவிடுகிறது என்பதால் இதை நான் மிகவும் மதிக்கிறேன்.

கவுன்சிலிங் நேரத்தில் பெற்றோர் அதிகம் தடுமாறுவது, கணினி அறிவியல் என்று மட்டும் உள்ள பிரிவை எடுப்பதா, சைபர் செக்யூரிட்டி என்று பெயரிலேயே உள்ள புதிய பிரிவை எடுப்பதா என்பதில்தான். பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரண்டின் பாடத்திட்டத்தையும் பல்கலைக்கழக இணையதளத்தில் இருந்து பதிவிறக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இயங்குதளம், கணினி நெட்வொர்க், நிரலாக்கம், மறையாக்கவியல் (தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் முறை) ஆகிய நான்கும் முழுமையான பாடங்களாக இருக்கின்றனவா, நெட்வொர்க்குக்குத் தனி ஆய்வக வகுப்பு உண்டா என்று தேடுங்கள். அதன் பிறகு கல்லூரிக்கே ஒருமுறை சென்று, அந்த ஆய்வகத்தில் மாணவர்கள் ரவுட்டரையும் ஸ்விட்சையும் தாங்களே அமைக்கிறார்களா, அல்லது அவை கண்ணாடி அலமாரியில் பூட்டிக் கிடக்கின்றனவா என்று இறுதியாண்டு மாணவர் ஒருவரிடம் கேளுங்கள். புதிய பிரிவு என்றால் அதை நடத்தும் ஆசிரியர்கள் யார் என்பதையும் விசாரியுங்கள். நல்ல ஆய்வகமும் நல்ல ஆசிரியரும் உள்ள சாதாரண கணினி அறிவியல் பிரிவு, அவை இல்லாத சைபர் செக்யூரிட்டி பிரிவைவிட மேலானது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

மின்னணுவியல், மின்னியல், கருவியியல் பிரிவுகளில் சேர்ந்தவர்களுக்கும் இங்கே இடம் உண்டு. தொழிற்சாலை, மின் நிலையம், குடிநீர் வாரியம் போன்ற இடங்களில் இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் நெட்வொர்க்கைப் பாதுகாப்பது தனிக் கிளையாக வளர்ந்திருக்கிறது. அங்கே கருவிகள் ஒன்றோடொன்று பேச இன்றும் புழங்கும் மோட்பஸ் நெறிமுறை 1979-ல் உருவானது. கட்டளை அனுப்புபவர் யார் என்று சரிபார்க்கும் வசதி அதன் அடிப்படை வடிவத்தில் கிடையாது. பிஎல்சி (இயந்திரங்களை இயக்கும் தொழிற்சாலைக் கணினி) என்றால் என்ன, ஒரு வால்வு தவறான நேரத்தில் திறந்தால் என்ன ஆகும் என்று அறிந்தவருக்கு நெட்வொர்க் பாதுகாப்பைச் சொல்லித் தருவது, நெட்வொர்க் மட்டும் அறிந்தவருக்கு ஆலையைச் சொல்லித் தருவதைவிட எளிது. தமிழ்நாட்டில் இத்தனை ஆலைகளும் காற்றாலைகளும் மின் நிலையங்களும் இருக்கும்போது, இந்தக் கிளையைப் பற்றி நம் மாணவர்களிடம் அதிகம் பேசப்படாதது வருத்தம் தருகிறது.

மூன்றாம் படி: அடித்தளப் பாடங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இது. ஒரு ஆண்டு ஆனாலும் பரவாயில்லை, அவசரப்பட வேண்டாம்.

நெட்வொர்க்கில் முதலில் கைவர வேண்டியது, ஒவ்வொரு கருவிக்கும் தரப்படும் ஐபி முகவரிகளைப் பிரிக்கும் கணக்கு. ஒரு கல்லூரிக்கு 192.168.10.0/24 என்ற தொகுதி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சாய்கோட்டுக்குப் பின் உள்ள எண், முகவரியின் 32 பிட்டுகளில் எத்தனை மாறாதவை என்பதைச் சொல்லும்; இங்கே மீதம் 8 பிட் என்பதால் 256 முகவரிகள் உள்ளன. அதை /26 அளவில் பிரித்தால் தலா 64 முகவரிகள் கொண்ட நான்கு பகுதிகள் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் முதல் முகவரி நெட்வொர்க்கையும் கடைசி முகவரி பிராட்காஸ்ட்டையும் (எல்லாக் கருவிகளுக்கும் அனுப்பும் செய்தி) குறிப்பதால், கருவிகளுக்கு எஞ்சுவது 62. முதல் பகுதி அலுவலகத்துக்கு, 64-இல் தொடங்குவது ஆய்வகத்துக்கு, 128-இல் தொடங்குவது கண்காணிப்பு கேமராக்களுக்கு, 192-இல் தொடங்குவது விருந்தினர் வைஃபைக்கு என ஒதுக்கி, ஒவ்வொன்றையும் தனி விலேனில் (ஸ்விட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) வைத்து, கேமராக்கள் தங்கள் ரெக்கார்டரோடு மட்டுமே பேசலாம் என்று விதி எழுதினால், கேமரா ஒன்று பிறர் கைக்குப் போனாலும் அங்கிருந்து கட்டண அலுவலகத்தின் கணினிக்குத் தாவ முடியாது. 2016-ல் மிராய் மால்வேர் உலகெங்கும் ஏராளமான கேமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியது, தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாமல் விட்டிருந்ததால்தான். இந்தக் கணக்கைத் தாளும் பேனாவும் கொண்டு, கால்குலேட்டர் இல்லாமல் போடும் அளவுக்குப் பழகுங்கள்.

அடுத்து, நெறிமுறைகளைக் கண்ணால் பாருங்கள். வயர்ஷார்க், நெட்வொர்க்கில் ஓடும் போக்குவரத்தைக் காட்டும் இலவச மென்பொருள். அதை ஓடவிட்டு, லினக்ஸ் திரையில் கர்ல் கட்டளையால் ஏதேனும் ஒரு தளத்தை அழையுங்கள். பிரவுசரில் செய்தால் பல தளங்கள் யூடிபி என்ற வேறு முறை வழியே குவிக் நெறிமுறைக்குப் போய்விடும் என்பதால் தொடக்கத்தில் கர்ல் நல்லது. முதலில் உங்கள் கணினி 53-ஆம் போர்ட்டில் (போர்ட் என்பது ஒரு சேவைக்கான எண்ணிட்ட வாசல்) டிஎன்எஸ் சர்வரிடம் அந்தப் பெயருக்கான முகவரியைக் கேட்பதும், பதில் வருவதும் தெரியும். பிறகு 443-ஆம் போர்ட்டை நோக்கி இணைப்பை ஏற்படுத்தும் மூன்று செய்திகளாக சின் பேக்கெட் போகும், சின்-ஆக் திரும்பும், ஆக் போகும். அதன்பின் மறையாக்கத்தை அமைக்கும் டிஎல்எஸ் உரையாடல் தொடங்கும். அதன் முதல் செய்தியைத் திறந்து பார்த்தால், உள்ளடக்கம் முழுவதும் மறையாக்கம் பெறப்போகும் நிலையிலும், நீங்கள் போகும் தளத்தின் பெயர் பெரும்பாலும் வெளிப்படையாக எழுதியிருப்பதைக் காணலாம். எச்டிடிபிஎஸ் இருந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது என்ற நம்பிக்கை அந்த இடத்திலேயே திருத்தம் பெற்றுவிடும். நிறுவனங்களின் ஃபயர்வால்கள் தளங்களைத் தடுக்கும் வழிகளில் ஒன்று இதே இடத்தைப் படிப்பதுதான்.

இப்படி இயல்பான போக்குவரத்தைப் பார்த்துப் பழகியவருக்கே இயல்பற்றது கண்ணில் படும். இரவு இரண்டு மணிக்குக் கணக்குப் பிரிவின் கணினி ஒன்று, ஒரே டொமைனுக்குக் கீழ், அர்த்தமற்ற நீண்ட எழுத்துக் கோவைகளைப் பெயராகக் கொண்ட நூற்றுக்கணக்கான டிஎன்எஸ் கேள்விகளை அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். டிஎன்எஸ் சாதாரணமாக எப்படி இருக்கும் என்று அறியாதவர் அந்த எச்சரிக்கையை மூடிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். அறிந்தவரோ, கேள்விகளுக்குள் தகவலை ஒளித்து வெளியே கடத்தும் டிஎன்எஸ் டனலிங் ஆக இருக்கலாம் என்று சந்தேகித்து, அந்தக் கணினியை நெட்வொர்க்கிலிருந்து துண்டிக்கச் சொல்வார்.

இரண்டாவது அடித்தளம் லினக்ஸ். கோப்பு உரிமைகள், இயங்கும் செயலிகள், சேவைகள், லாக் (நடந்தவற்றின் பதிவு) கோப்புகள் ஆகியவற்றைக் கட்டளை வரியிலேயே கையாளத் தெரிய வேண்டும். விண்டோஸையும் விட்டுவிட முடியாது. நிறுவனங்களின் பயனர் கணக்குகள் பெரும்பாலும் விண்டோஸின் கணக்கு நிர்வாக அமைப்பான ஆக்டிவ் டைரக்டரியில்தான் இருக்கின்றன, தாக்குபவர்களும் அதைத்தான் குறிவைக்கிறார்கள்.

மூன்றாவது நிரலாக்கம். பைத்தான் போதும். பெரிய மென்பொருள் எழுதும் திறன் தேவையில்லை. லினக்ஸ் சர்வரின் உள்நுழைவு லாக்கைத் திறந்து, தவறான பாஸ்வேர்டு முயற்சிகள் எந்தெந்த ஐபி முகவரியிலிருந்து எத்தனை முறை வந்தன என்று எண்ணி, அதிகமானதை மேலே வைத்துப் பட்டியலிடும் நிரலை யார் உதவியுமின்றி எழுத முடிந்தால், முதல் வேலைக்குத் தேவையான அளவு வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

மறையாக்கவியலில், பொதுச்சாவி முறைக்கும் ஒரே சாவி முறைக்கும் உள்ள வேறுபாடு, ஹேஷ், டிஜிட்டல் சான்றிதழ் ஆகியவை தெளிவாக இருந்தால் நெட்வொர்க் பணிக்குப் போதுமானது.

இவற்றுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. என்பிடெல் தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் கணினி நெட்வொர்க், இயங்குதளம், தகவல் பாதுகாப்புப் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. தேர்வு எழுதிச் சான்றிதழ் பெறுவதற்கு மட்டுமே கட்டணம். சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் அகாடமி தளத்தில் நெட்வொர்க்கைக் கணினியிலேயே அமைத்துப் பார்க்க உதவும் பேக்கெட் டிரேசர் மென்பொருளும் இலவசம். தமிழ்வழியில் படித்தவர்கள் ஆங்கிலத்தை நினைத்துத் தயங்குவதைப் பார்க்கிறேன். இந்தத் துறையின் தொழில்நுட்ப ஆவணங்களில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் ஒரு சிறிய வட்டத்துக்குள் அடங்குபவை. தினமும் ஒரு பக்கம் படித்து, நடந்ததை நான்கு வாக்கியங்களில் ஆங்கிலத்தில் எழுதிப் பழகினால் ஒரு பருவத்துக்குள் அந்தத் தயக்கம் விலகிவிடும். சாக் பணியில் எழுத வேண்டிய டிக்கெட் (சம்பவப் பதிவு) குறிப்புகளும் அதே அளவில்தான் இருக்கும்.

நான்காம் படி: வீட்டிலேயே ஒரு ஆய்வகம்

16 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினி ஒன்று போதும். பழையதாக இருந்தாலும் தவறில்லை. விர்ச்சுவல்பாக்ஸில் மூன்று மெய்நிகர் கணினிகளை அமையுங்கள்: நடுவில் பிஎஃப்சென்ஸ் அல்லது ஓபிஎன்சென்ஸ் ஃபயர்வால், ஒரு பக்கம் பாதிக்கப்படக்கூடிய பழைய லினக்ஸ், மறுபக்கம் காலி (Kali) லினக்ஸ் என்ற, சோதனைத் தாக்குதல் கருவிகள் கொண்ட பதிப்பு. ஃபயர்வாலில் விதிகள் எழுதி, போர்ட்டுகளைத் துழாவும் என்மேப் கருவி கொண்டு எதிர்ப்பக்கத்திலிருந்து எந்தெந்தப் போர்ட்டுகள் திறந்து தெரிகின்றன என்று பாருங்கள். பெரும்பாலான ஃபயர்வால்கள் விதிகளை மேலிருந்து கீழாகப் படித்து, முதலில் பொருந்தும் விதியோடு நின்றுவிடும். யாரோ அவசரத்துக்காக எல்லோருக்கும் எல்லாமும் அனுமதி என்ற ஒரு விதியை உச்சியில் சேர்த்துவிட்டுப் போனால், அதற்குக் கீழே கவனமாக எழுதிய நாற்பது தடை விதிகளும் செயலற்றுப் போகும். இதை உங்கள் ஆய்வகத்தில் வேண்டுமென்றே செய்து பார்த்து, பிறகு சரிசெய்யுங்கள். அடுத்த கட்டமாக, ஊடுருவலைக் கண்டறியும் சுரிகாட்டாவை நிறுவி, உங்கள் என்மேப் ஸ்கேனை அது கண்டுபிடிக்கிறதா என்று சோதியுங்கள்.

செய்த ஒவ்வொன்றையும் வரைபடத்தோடு எழுதி வையுங்கள். நேர்காணலில் சான்றிதழைவிட அந்தக் குறிப்பேடு அதிகம் பேசும்.

ஐந்தாம் படி: சட்டத்தின் எல்லை

இந்த எல்லையை ஆய்வகத்துக்கு அடுத்த வாரமே அறிந்துகொள்ள வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆம் பிரிவு, உரியவரின் அனுமதியின்றி ஒரு கணினிக்குள் அல்லது நெட்வொர்க்குக்குள் நுழைவதைத் தடுக்கிறது. அதையே நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். பக்கத்து வீட்டு வைஃபையும் கல்லூரியின் மதிப்பெண் சர்வரும் பயிற்சிக் களங்கள் அல்ல. டிரைஹேக்மீ, ஹேக் தி பாக்ஸ், பிகோசிடிஎஃப் போன்ற தளங்கள் இதற்காகவே இருக்கின்றன. மாணவப் பருவத்தில் பதிவாகும் ஒரு வழக்கு, பின்னணிச் சரிபார்ப்பை மிகக் கடுமையாக நடத்தும் இந்தத் துறையின் கதவை ஒருவருக்கு முழுவதுமாக மூடிவிடக்கூடும் என்பதை மனப்பூர்வமாகச் சொல்கிறேன்.

வேலைக்குச் சென்றபின் உதவும் சட்ட அறிவும் உண்டு. சைபர் சம்பவங்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட உத்தரவின்படி, குறிப்பிட்ட வகைச் சம்பவங்களை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். லாக்குகளை 180 நாட்கள் சேமித்து வைக்க வேண்டும். கண்காணிப்பு மையத்தின் அன்றாட நடைமுறைகள் பல இந்த இரண்டு எண்களைச் சுற்றியே அமைகின்றன.

ஆறாம் படி: சான்றிதழ்களின் வரிசை

முதலில் சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழான சிசிஎன்ஏ. பெயரில் பாதுகாப்பு இல்லை என்று இதைத் தவிர்க்காதீர்கள். மூன்றாம் படியில் சொன்ன நெட்வொர்க் பகுதி முழுவதையும் ஒழுங்காகப் படிக்க வைப்பது இதுதான். தேர்வுக் கட்டணம் 300 டாலர் அளவில் இருப்பதால், தயாராவதற்கு முன் தேதி குறிக்க வேண்டாம். அதற்குப் பிறகு காம்ப்டியாவின் அடிப்படைப் பாதுகாப்புச் சான்றிதழான செக்யூரிட்டி பிளஸ். பணம் நெருக்கடியாக இருந்தால் இரண்டாவதைத் தள்ளிவைக்கலாம். ஃபயர்வால் பணியை நோக்கிப் போகிறவர்கள் ஃபயர்வால் நிறுவனங்களான ஃபோர்டிநெட், பாலோ ஆல்டோ, செக்பாயின்ட் ஆகியவற்றில் ஒன்றின் பயிற்சியை எடுக்கலாம். ஃபோர்டிநெட்டின் பாடங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

நெறிசார் ஹேக்கிங்குக்கான சிஇஎச் சான்றிதழை வேலை விளம்பரங்களில் அடிக்கடி காணலாம். பயிற்சியோடு சேர்த்துக் கணிசமாகச் செலவாகும் அதை, வேலைக்குச் சேர்ந்து நிறுவனம் கட்டணம் தரும்போது எழுதுவதே சரி என்பது என் கருத்து. பென்டெஸ்டிங்கை உறுதியாகத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு ஓஎஸ்சிபி இருக்கிறது. ஏறத்தாழ ஒரு முழு நாள் நீளும் செய்முறைத் தேர்வு அது, கொடுக்கப்பட்ட கணினிகளை உண்மையாகவே உடைத்து, அறிக்கையும் எழுதித் தர வேண்டும். அனுபவசாலிகளுக்கான பாதுகாப்புச் சான்றிதழான சிஐஎஸ்எஸ்பி-யை மாணவர்களுக்கு விற்க முயல்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். அதன் எட்டுப் பிரிவுகளில் குறைந்தது இரண்டில், மொத்தம் ஐந்து ஆண்டுப் பணி அனுபவம் அதற்குத் தேவை. நூறு சதவீத வேலை உத்தரவாதம் என்று விளம்பரம் செய்து பெரும் தொகையை முன்பணமாகக் கேட்கும் பயிற்சி நிலையங்களிடமும் இதே எச்சரிக்கை வேண்டும். ஆய்வகத்தை ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏழாம் படி: மேற்படிப்பு யாருக்கு

சாக் அல்லது ஃபயர்வால் பணிக்கு முதுநிலைப் பட்டம் தேவையில்லை. ஆராய்ச்சி, கற்பித்தல், மறையாக்கவியல் பக்கம் மனம் போகிறவர்களுக்கே அது பயன் தரும். கணிதத்தில் உண்மையான ஈடுபாடு உள்ளவர்களுக்குக் கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் மறையாக்கவியல் மற்றும் பாதுகாப்பு எம்.டெக். அருமையான இடம். கோவை அமிர்தாவில் சைபர் செக்யூரிட்டி எம்.டெக். உள்ளது. சென்னை தரமணியில் உள்ள செட்ஸ் நிறுவனம் மறையாக்கவியல், நெட்வொர்க் பாதுகாப்பு ஆராய்ச்சிக்காகவே 2002-ல் தொடங்கப்பட்டது. பட்டம் முடித்தும் செய்முறை அனுபவம் போதவில்லை என்று உணர்பவர்கள், சி-கேட் நுழைவுத் தேர்வு எழுதி, மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக் நடத்தும் முதுநிலை டிப்ளமாக்களில் ஐடி உள்கட்டமைப்பும் பாதுகாப்பும் சார்ந்ததில் சேரலாம்.

எட்டாம் படி: முதல் வேலை

புதியவர்களிடம் இந்தத் துறையின் நேர்காணல்களில் விரும்பிக் கேட்கப்படும் கேள்வி, பிரவுசரில் ஒரு முகவரியைத் தட்டி என்டர் அழுத்தினால் பக்கம் வருவதற்குள் என்னென்ன நடக்கிறது என்பது. வயர்ஷார்க்கில் அதைப் பார்த்தவர், டிஎன்எஸ் தொடங்கி ஏஆர்பி (ஐபி முகவரிக்கு உரிய கருவியைக் கண்டறிவது), கேட்வே (வெளியே செல்லும் வாசல்), நேட் (உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றுவது), டிசிபி (இணைப்பை ஏற்படுத்துவது), டிஎல்எஸ் என்று பத்து நிமிடம் நிறுத்தாமல் சொல்லலாம். ஒவ்வொரு கட்டத்திலும் தாக்குபவர் எங்கே நுழையக்கூடும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நேர்காணல் செய்பவர் நிமிர்ந்து உட்காருவார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, எப்படிக் கண்டுபிடிப்பேன் என்று விளக்குவதையும் அவர்கள் மதிப்பார்கள், ஏனெனில் அந்த வேலையில் தினமும் நடப்பது அதுவே.

இரண்டு வாய்ப்புகள் ஒரே நேரத்தில் வந்து, ஒன்று பாதுகாப்பு என்ற பெயரோடு கூடிய, டிக்கெட்டுகளை மேலே அனுப்புவது மட்டுமே வேலையாக உள்ள பணியாகவும், மற்றது சம்பளம் சற்றுக் குறைந்தாலும் ரவுட்டர், ஸ்விட்ச், ஃபயர்வால் ஆகியவற்றில் நேரடியாகக் கை வைக்க விடும் நெட்வொர்க் பணியாகவும் இருந்தால், வீட்டுச் சூழல் அனுமதிக்குமானால் இரண்டாவதை எடுங்கள். இரண்டு ஆண்டுகள் அங்கே இருந்தவர் பாதுகாப்புப் பிரிவுக்கு மாறுவது கடினமல்ல. சேரும் முன் கேட்க வேண்டியவை மூன்று: ஷிப்ட் எப்படிச் சுழலும், பயிற்சிக்கும் சான்றிதழ்த் தேர்வுக்கும் நிறுவனம் பணம் தருமா, பத்திரம் எழுதி வாங்குவார்களா. மூல மதிப்பெண் சான்றிதழ்களைத் தங்களிடமே வைத்துக்கொள்வோம் என்று சொல்லும் இடத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.